நாலு பேருக்கான கமான்

"எத்தினி பேரு போவீங்கம்மா?" என்று அமானுல்லா கேட்டார்.

ரத்னா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. காருக்கு என்ன என்று கேட்பார், சொல்லலாம் என்று பொன்னேரியிலிருந்து வரும் வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. பின்பக்கம் வண்டியின் பாரத்தைத் தாங்கும், வில்போல் வளைந்த கமான் பட்டைகள் தளர்ந்துவிட்டன. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் போட வசதியில்லை. இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? இவ்வளவையும் தடுமாறாமல் சொல்லிவிட்டாள். எத்தனை பேர் போவீர்கள் என்பதற்குத்தான் அவளிடம் வாக்கியம் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டு ஓரமாக இருந்த அமானுல்லாவின் கமான் பட்டறைக்கு வருகிறவையெல்லாம் லாரிகள். கல்கத்தா வரை போகிறவை, அல்லது அங்கிருந்து வந்து எளாவூர் செக் போஸ்ட்டைத் தாண்டியதும் பட்டை முறிந்து படுத்துக்கொள்கிறவை. அன்றைக்கும் மூன்று டிரைவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தனியாக ஃபியட் காரை ஓட்டி வந்து இறங்கியதிலிருந்து பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"லோடு தெரியாம கமான் கட்ட முடியாதும்மா. லாரின்னா எத்தினி டன்னுன்னு கேப்பேன். காருன்னா எத்தினி பேருன்னுதான கேக்கணும்? அதக் கேட்டுத்தான் பட்டையவே கையில எடுப்பேன்."

"நாலு பேர்" என்றாள் ரத்னா.

அது நாலு பேர் உட்காரும் கார். நான் காரைப் பற்றிச் சொன்னேன், என்னைப் பற்றி இல்லை என்று மனதுக்குள் சமாதானம் செய்துகொண்டாள். அமானுல்லா அதோடு விடவில்லை.

"பெரியவங்க ரெண்டு, பசங்க ரெண்டா?"

தலையை ஆட்டினாள்.

"சார் வரலியா? நீங்க எட்த்துகினு வந்துகிறீங்க?"

"அவர் கப்பல்ல இருக்கார்."

கப்பல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பெஞ்சிலிருந்த டிரைவர் ஒருவர், "அதான பார்த்தேன்" என்றார். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்டதைப் போல மறுபடி டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

கார் அப்பாவுடையது. பொன்னேரியில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. இருந்த மாடல்களிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கினார். ரேடியோ கிடையாது. வெயிலை மறைக்கும் அட்டைகூட ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு வீட்டில் ரத்னாவும் வாசலில் காரும்தான் மிச்சம். அண்ணன் அருணகிரி மனைவி, இரண்டு பையன்களோடு ராயபுரத்தில் இருந்தான்.

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயில் உண்டு. பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த புதிதில் ரயிலில்தான் போனாள். பெண்கள் பெட்டியில் தினமும் அதே முகங்கள். முதலில் பெயரைக் கேட்டார்கள். அப்புறம் படிப்பு. அப்புறம் வயது. அப்புறம் ஏன் இன்னும் ஆகவில்லை. கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டு வரன் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டாந்தாரம், மூன்று குழந்தைகள், தங்கமான மனுஷன். ஒருநாள் அவள் ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கார் சாவியை எடுத்தாள். காரில் யாரும் எதையும் கேட்பதில்லை. பெட்ரோல் விலை கண்டபடி ஏறிய அந்த வருஷத்திலும் அவள் மற்ற செலவுகளைக் குறைத்துக்கொண்டாளே தவிர காரை நிறுத்தவில்லை.

பொன்னேரியிலிருந்து பெருஞ்சாலைக்குப் போகும் வழியில் ஓர் ஏரிக்கரை. கரையின்மேல் ரோடு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை வளையும். மார்கழியில் ஒருநாள் அந்த வளைவில் கார் ஒருபக்கமாகச் சாய்ந்து, அவள் திருப்பிய திருப்பத்துக்கு வராமல் வெளிப்பக்கம் விலகி ஓடி, எதிரே வந்த மாட்டு வண்டியின் அச்சில் உரசியது. யாருக்கும் அடியில்லை. கதவுத் தகடு கிழிந்தது. சேதி ராயபுரம் வரை போயிற்று.

அப்பாவின் திதிக்கு வந்த அருணகிரி, கிழிந்த கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "வித்துடலாம் ரத்னா" என்றான்.

"சரி பண்ணிடறேண்ணா."

"எதைச் சரி பண்ணுவே? ரயில் இருக்கு இல்ல? ஊர்ல நாலு பேரு இன்னா பேசறாங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

"சாய்றதுதான் கோளாறு. அதைச் சரி பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது."

அருணகிரி நல்லவன். தங்கையிடம் குரலை உயர்த்தியதில்லை. சித்திரையில் வருவதாகவும், தானே ஏறி அந்த வளைவில் பார்ப்பதாகவும், ஒழுங்காகப் போனால் விற்கிற பேச்சே எடுப்பதில்லை என்றும் சொன்னான். அதனால்தான் அவள் அமானுல்லாவைத் தேடிப் போனாள்.

வேலை முடிந்தது என்று ஆள் அனுப்பியதும் ரத்னா போனபோது, அமானுல்லா காரின் அடியில் குனிந்து காட்டினார். பழைய ஜீப்பின் பட்டைகளை அளவுக்கு வெட்டிக் காய்ச்சி வளைத்து, பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகக் கட்டியிருந்தார். கமானின் வளைவையும் தூக்கியிருந்தார். கமான் முனைகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களுக்குப் பதில் லாரி ரப்பரைச் சீவிப் போட்டிருந்தார். ஷாக் அப்சார்பரில் கெட்டியான எண்ணெய்.

"கடையில ஒண்ணும் வாங்கல. எல்லாம் நம்ம கிட்ட கெடந்ததுதான். பசங்க வளருவாங்க இல்ல, அதுக்கும் சேத்தே கட்டிகிறேன்."

ரத்னா சாவிக்குக் கை நீட்டினாள்.

"இருங்கம்மா. ஆளு ஏத்திப் பார்க்காம இங்கேருந்து எந்த வண்டியும் போனதில்ல. எத்தினி பேருன்னு சொன்னீங்களோ அத்தினி பேரு குந்திப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன். டேய் பச்சையப்பா, யேசுதாசு, ஏறுங்கடா பின்னால."

அமானுல்லா முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலையாட்கள் இரண்டு பேரும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள்.

"பச்சையப்பன்தான் சின்னப் புள்ள" என்றான் யேசுதாஸ். "பாரும்மா, இவன் கிள்றான்."

"சும்மா வாடா. ஜன்னலாண்ட நான்தான்."

"மூஞ்சப் பாரு, ஜன்னலாண்ட குந்தற மூஞ்சி. மாடு மெரண்டு ஓடும்."

ரத்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ரயில்வே கேட்டுக்குத் திரும்பும் வளைவில் அவள் வழக்கம்போல் வேகத்தைக் குறைக்கப் போனாள். "கொறைக்காதீங்க, அப்டியே போங்க" என்றார் அமானுல்லா. போனாள். கார் சாயவில்லை. ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, அவள் திருப்பிய அளவுக்கு, ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல் திரும்பியது. பின்னால் இரண்டு பேரும் விசிலடித்தார்கள். கார் முழுக்கப் பீடியும் வியர்வையுமாக வாடை. அவள் இன்னொரு வளைவு வராதா என்று பார்த்தாள்.

அன்று மாலை ஏரிக்கரையில் அதே தைரியத்தில் வேகத்தைக் குறைக்காமல் போனாள். வளைவின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். பின்பக்கம் உதைத்துக்கொண்டு எழும்பியது. அடுத்த நொடி காரின் வால் முன்னால் வரப் பார்த்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்று அணைந்துபோயிற்று. முன்சக்கரத்துக்கு அப்புறம் ஏரிச் சரிவு.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, காரு கய்தை மாரி ஒதைக்குது?" என்றாள்.

ரத்னா கதவைத் திறந்து இறங்கி, சக்கரத்தையும் சரிவையும் பார்த்தாள். காரணம் புரிய அவளுக்கு நேரமாகவில்லை. நாலு பேர் எடையைத் தாங்கக் கட்டிய கமான், ஓர் ஆளின் எடைக்கு மசியாது. மசியாத கமான் பள்ளத்தில் சக்கரத்தைத் தூக்கிவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு வளைவு ஏது, நேர் ஏது? அமானுல்லா செய்த வேலையில் தப்பில்லை. அவர் சரியாகக் கேட்டார். இவள்தான் தப்பாகச் சொன்னாள்.

திரும்பிப் போய்ப் பட்டையைக் கழற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். பெஞ்சில் டிரைவர்கள் இருப்பார்கள். பச்சையப்பனும் யேசுதாசும் இருப்பார்கள். அவள் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரணி ஆற்றுக்குப் போய் மூன்று கோதுமைச் சாக்குகளில் மணல் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரே சாக்கில் நிறையக் கட்டினால் அவளால் தூக்க முடியாது. பின்சீட்டில் இரண்டு, முன்சீட்டில் ஒன்று. திங்கட்கிழமை ஏரிக்கரையில் கார் பூப்போல வளைந்து போயிற்று.

கம்பெனி வாசலில் காவல்காரர் வீரராகவன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "இன்னாம்மா மூட்ட? அரிசி கடத்தறீங்களா? எளாவூர்ல புடிச்சிக்குவாங்க."

"மண்ணு."

"மண்ணா! அத யாரு வாங்குவா?"

வேகமாக பிரேக் போட்டால் முன்சீட்டு மூட்டை சரிந்து அவள் கை மேல் சாயும். அதை ஒரு கையால் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு ஓட்டுவாள். பங்குனி முழுக்க அப்படித்தான் போனாள், வந்தாள்.

சித்திரையில் அருணகிரி சொன்னபடி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணியும் பையன்களும் கூட. ரத்னா விடியும்போதே மூட்டைகளை இறக்கிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, சீட்டைத் தட்டித் துடைத்து, ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துப் போனாள். அருணகிரி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேரே ஏரிக்கரைக்குப் போகச் சொன்னான்.

வளைவு வந்தது. அண்ணி முன்கூட்டியே கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். ரத்னா வேகத்தைக் குறைக்கவில்லை. கார் முதல் வளைவை எடுத்தது, இரண்டாவதையும் எடுத்தது. பள்ளத்தில் இறங்கியது தெரியக்கூட இல்லை.

"இன்னொரு வாட்டி அத்தை!" என்று பையன்கள் கத்தினார்கள்.

அருணகிரி, தான் ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்தான். இரண்டு தடவை போய் வந்தான். இறங்கி, காரைச் சுற்றி வந்து, சக்கரத்தைக் காலால் தட்டி, "புது வண்டி மாதிரி ஆக்கிட்டியே" என்றான். "இத விக்கிறது பாவம்."

ரத்னாவுக்கு மூச்சு வந்தது.

"நாங்களே எடுத்துக்கிறோம்" என்றான் அவன், அதே சந்தோஷத்தோடு. "பசங்க பெரியவங்களாயிட்டாங்க, நாலு பேருக்கு டாக்சி வச்சு மாளல. திருப்பதிக்கு வேற ஒரு வேண்டுதல் இருக்கு. உனக்கு எதுக்கு ரத்னா? நீ ஒருத்தி. உனக்கு ரயில் போதும். உன் பங்குக்குப் பாதி விலை நான் குடுத்துடறேன், நியாயமா இருக்கணும்."

அண்ணி, "அவங்களையும் ஒரு வார்த்த கேளுங்க" என்றாள். அவன் கேட்டான். ரத்னா, "ம்" என்றாள். அது சம்மதமா இல்லையா என்று அவள் முடிவு செய்வதற்குள் அவன் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டான்: டிக்கியில் மூட்டை முடிச்சு வைத்தால் தாங்குமா? இதைக் கட்டின ஆள் எங்கே இருக்கிறான்? இன்னொரு பட்டை போடச் சொல்லலாமே?

பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அண்ணியையும் பையன்களையும் வீட்டில் விட்டுவிட்டு, சாப்பிட்ட கையோடு இரண்டு பேரும் கிளம்பினார்கள்; அருணகிரிதான் நிதானமாக ஓட்டினான். ரத்னா நடுவழியிலாவது ஏதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கவரைப்பேட்டை போயிற்று. கும்மிடிப்பூண்டி வந்தது.

"வாங்க சார், வாங்க!" அமானுல்லா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தார். "கப்பல்லேருந்து எப்ப வந்தீங்க?"

"எந்தக் கப்பல்?"

அமானுல்லா சிரித்தார். "அது எனக்கின்னா தெரியும், நீங்கதான் சொல்லணும். பசங்கள இட்டாரலியா?"

"பசங்க பொன்னேரியில இருக்காங்க, வீட்ல" என்றான் அருணகிரி. அவனுடைய பையன்கள் வீட்டில்தானே இருந்தார்கள்.

"குலுங்காம குந்திகினு வர்றாங்களா? அவங்க வளர்றதுக்கும் சேத்துக் கட்னேன். சார், நான் சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. நீங்க கடல்ல இருக்கிறீங்க. இந்தம்மா ரெண்டு பசங்கள வச்சிகினு, வேலைக்கும் போய்க்கினு, வண்டிய ரிப்பேருக்கும் ஒண்டியா எடுத்துகினு வர்றாங்க. எங்க ஊட்ல சொல்லிச் சொல்லிக் காட்டுவேன், பாத்துக்கோ ஒரு பொம்பளையன்னு."

பச்சையப்பன் காரின் பின்சீட்டை எட்டிப் பார்த்து, "எங்கள மாரி சண்ட போடுவாங்களாம்மா?" என்றான்.

அருணகிரி மெதுவாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் தரையில் சிந்தியிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் இருந்தால் இன்னொரு பட்டை ஏறும். கார் ராயபுரம் போகும். நாளைக்குப் பெண்கள் பெட்டி.

"இவர் எங்க அண்ணன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "பசங்க அவரோட பசங்க. எனக்குக் கல்யாணம் ஆகல. கப்பல் எல்லாம் இல்ல. வண்டியில நான் ஒருத்திதான் போறேன். அந்தப் பட்டைய எடுத்துடுங்க."

பெஞ்சில் அன்றைக்கும் யாரோ இருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அமானுல்லா காரின் பின்பக்கம் குனிந்து கமானைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒதைச்சுதா?"

"ஒதைச்சுது."

"எங்க?"

"ஏரிக்கரை வளைவுல. சுத்தி நின்னுடுச்சு."

"அல்லா! அப்புறம் இத்தினி நாளு எப்டி ஓட்னீங்க?"

"மண் மூட்டை வச்சு. மூணு மூட்டை."

யேசுதாஸ் சிரித்துவிட்டான். "சிரிக்காதடா" என்றார் அமானுல்லா. அவன் நிறுத்தினான்.

"இன்னொரு பட்டை போடலாம்னு வந்தோம்..." என்று அருணகிரி இழுத்தான்.

"சார், வண்டி ஒண்ணுதான். நாலு பேருக்குக் கட்டுன்னா கட்றேன். ஒருத்தருக்குக் கட்டுன்னாலும் கட்றேன். ஒருத்தருக்குக் கட்னா அதுல நாலு பேரு குந்த முடியாது, அடி தட்டும். ரெண்டுக்குமா கட்ட எனக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க." அவர் வேலையாட்களை இழுத்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

அருணகிரி தங்கையைக் காரின் மறுபக்கம் கூட்டிப் போனான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"கேட்டாங்கண்ணா."

"கேட்டா?"

"ரயில்ல தினமும் கேட்பாங்க. கார்ல கேட்க மாட்டாங்க. அதுக்குத்தான் கார்."

இரண்டு வருஷம் முன்புவரை அவனும் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு ஜாதகத்தோடு வந்துகொண்டிருந்தவன். பிறகு அவனுக்கும் அலுத்துப் போயிற்று. ஒரு லாரி கடந்து போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவன் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"வேலை முடிய நேரமாகும் போலிருக்கு. நான் ரயில்ல போயிடறேன். பசங்கள கூட்டிகினு சாயந்திர வண்டிக்கே ராயபுரம் கெளம்பறோம். நாளைக்கு ஸ்கூல்."

"சரிண்ணா."

"பார்த்து ஓட்டு."

கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து, லாரிப் பக்கம் பார்த்து, "பாய், நல்லா கட்டிக் குடுங்க" என்றான். பிறகு ஸ்டேஷன் ரோட்டில் வேகமாக நடந்து போனான்.

ஜீப் பட்டைகள் இரண்டும் இறங்கின. அமானுல்லா கமானின் வளைவைத் தட்டித் தாழ்த்தினார். வண்டி எவ்வளவு தாழ்வாக உட்கார்கிறதோ வளைவில் அவ்வளவு நல்லது, ஒரே ஆள்தானே, தாராளமாகத் தாழ்த்தலாம் என்றார். அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, முன்னால் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒருபக்கமாக மட்டும் ஆள் உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும் என்று வலப்பக்கக் கமானை ஒரு நூலளவு உயர்த்திக் கட்டினார். மறுபடி குந்திப் பார்த்தார். கார் மட்டமாக நின்றது.

"இப்ப இது உங்க ஒருத்தருக்குத்தாம்மா" என்றார். "வேற யாரு ஓட்னாலும் சரியா வராது."

அவள் ஏரிக்கரைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆடுகளும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. முதல் வளைவில் கார் மெல்ல அழுந்தி, பிடித்து, திரும்பியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது, தரையை விடவில்லை. இரண்டாவது வளைவு வந்ததும் போனதும் தெரியவில்லை. கரை முடிந்து ரோடு நேராயிற்று.

ரத்னா பக்கத்து சீட்டைப் பார்த்தாள். அதில் துடைத்தும் போகாமல் மணல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. ராயபுரம் போகும் வண்டியாக இருக்கும். வீடு பூட்டியிருக்கும்; சாவியை அண்ணி பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள்.

அவள் ஓரமாக நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்து, காரைத் திருப்பினாள். இன்னொரு முறை கரைமேல் ஏறினாள்.